குதிரை வைத்தியம்

குதிரை வைத்தியம் என்றால் குதிரைக்குச் செய்கிற வைத்தியம் என்றுதான் நம்மவர்கள் நெடுங்காலமாகப் பொருள் கொண்டிருந்தார்கள். பாண்டவர்களில் நகுலன் அந்த வித்தையில் கெட்டிக்காரன். அவன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தார் 1952-ல் படங்களோடு அச்சிட்டார்கள். இப்போது மேல்நாட்டார் அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மனம் கலங்கிய மனிதனுக்குக் குதிரை வைத்தியம் செய்கிறதாம். பீஸ் வாங்கிக்கொள்வது மட்டும் மனிதர்கள்.

என் சித்தப்பாவை நான் அறியாதிருந்தால் நானும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பேன். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊருக்கும் குதிரைக்கும் இருந்த உறவைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் தருமபுரி. பழைய பெயர் தகடூர், அதியமானின் ஊர். தகடூர்ப் போரோடு சேர்த்துப் பேசப்படும் பொன்முடியார் என்ற புலவர் புறநானூற்றில் இரண்டு வகைக் குதிரைகளைக் காட்டுகிறார். சிற்றூர்த் தலைவன் வீட்டில் உளுந்துச் சக்கை தின்று வளர்ந்த குதிரை ஒன்று. அரண்மனையில் நெய் கலந்த சோறு தின்றது மற்றொன்று. போர்க்களத்தில் எது பாய்ந்தது, எது ஒதுங்கி நின்றது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 'குதிரை மறம்' என்று இதற்கெல்லாம் தனித் துறையே வகுத்திருக்கிறார்கள். அதே துறையில் எருமை வெளியனார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. மற்ற வீடுகளின் குதிரைகளெல்லாம் போர்க்களத்திலிருந்து திரும்பிவிட்டன. தன் வீட்டுக் குதிரை மட்டும் வரவில்லை என்று ஒருத்தி தவிக்கிறாள். அவள் எதிர்பார்த்து நிற்பது, அதன் மேல் ஏறிப் போன கணவனைத்தான். ஆனால் வாய் அவனைச் சொல்லவில்லை, குதிரையைச் சொல்கிறது. தாங்க முடியாததை நேரே சொல்லாமல் ஒரு குதிரையின் முதுகில் ஏற்றிச் சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது.

பிற்காலத்தில் எங்கள் சீமைக்குக் குதிரையில் வந்தவர்களில் மறக்க முடியாதவர் தாமஸ் மன்றோ. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பெனியார் கைக்கு மாறியதும், கர்னல் ரீடுக்கு உதவியாக அனுப்பப்பட்ட இராணுவ அதிகாரிகளில் ஒருவர். 1799 வரை தருமபுரியைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து வரி நிர்ணயம் செய்தார். கல்யாணம் ஆகாத மனிதர். பேச்சுத் துணைக்குத் தன் நாட்டார் அதிகம் இல்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களே போக்கிடம். இப்படி ஏழு வருஷங்கள் இருந்தவன் ஓட்டம் பிடிக்கத்தானே பார்ப்பான்? மன்றோவோ பாராமகாலை விட்டுப் போக நேர்ந்தபோது மனம் கசந்து வருந்தி எழுதினார். 1839-ல் சென்னையில் நாட்டிய அவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சாண்ட்ரி என்ற சிற்பி செய்தது. குதிரைக்குச் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. சிற்பி மறந்துவிட்டான் என்று சென்னைவாசிகள் கதை கட்டினார்கள். எனக்கு அது மறதியாகத் தோன்றவில்லை. காடு மேடெல்லாம் அலைந்த ஒருவனுக்கும் அவன் குதிரைக்கும் நடுவே தோல் சாமான் எதற்கு என்று அந்தச் சிற்பி நினைத்திருக்கலாம் அல்லவா?

மன்றோ தருமபுரியில் இருந்த அதே காலத்தில், 1794-ல், வாலண்டைன் கனோலி என்ற சர்ஜன் சென்னையில் சித்தம் கலங்கியவர்களுக்காக ஒரு விடுதி தொடங்கினார். இங்கிலாந்தில் 1796-ல் வில்லியம் டூக் யார்க் நகரத்தில் திறந்த விடுதியிலோ நோயாளிகள் சங்கிலிக்குப் பதில் முயலையும் கோழியையும் கண்டார்கள். ஒரு சிறு பிராணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தால் கலங்கிய மனமும் கொஞ்சம் நிதானப்படும் என்பது அவர்கள் கண்டது. குதிரைக்கு அப்போது இந்த வேலை வரவில்லை. எங்கள் பக்கத்தில் 1824-ல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் பெரிய குதிரைப் பண்ணை வைத்தார்கள். அதுவும் பட்டாளத்துக்குத்தான்.

பட்டாளமும் போய்ப் பண்ணையும் மாடுகளுக்கு மாறிய பிறகு எங்கள் ஊரில் மிச்சம் இருந்தவை ஜட்காக் குதிரைகள்.

சித்தப்பா பெங்களூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். 1964-ல் ஒருநாள் யாரோ கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். படுக்கச் சொன்னால் படுப்பார். பாட்டி மந்திரித்தாள், தாயத்துக் கட்டினாள். கல்யாணத்துக்கு நின்ற அத்தையின் சம்பந்தம் கெட்டுவிடுமே என்ற பயத்தில் அவரைப் பின்கட்டு அறையில் வைத்தார்கள். யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுவது வழக்கமாயிற்று. கதவைச் சாத்தும் வேலை பெரும்பாலும் என்னுடையது. எனக்கு அப்போது பத்து வயது. அந்தத் தாழ்ப்பாளின் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைக் காணோம். தேடிக்கொண்டு ஓடினேன். சந்தைக்குப் பக்கத்து ஜட்கா நிலையத்தில், பாயுடைய குதிரை ராணியின் அருகில் நின்றுகொண்டிருந்தார். பாய்க்கு அறுபது வயசிருக்கும். "தம்பி, வீட்டுல தேடறாங்களா? அவரு பாட்டுக்கு நிக்கட்டும், போ" என்றார். நான் போகவில்லை.

சித்தப்பா ராணியின் கழுத்தைத் தொடக் கையை நீட்டினார். கை நடுங்கியது. குதிரை காதைப் பின்னால் மடித்து இரண்டடி நகர்ந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். பாய் ஒன்றும் சொல்லவில்லை, பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து அவர் மறுபடி நீட்டினார். மறுபடி நகர்ந்தது. நாலைந்து தடவை இப்படி. பிறகு அவர் கையை நீட்டாமல் சும்மா நின்றார். மூச்சு அடங்கிற்று, தோள் இறங்கிற்று. ராணி தானாக ஒரு எட்டு வைத்து வந்து, அவர் சட்டையில் மூக்கை வைத்தது.

அதன் பிறகு தினமும் போனார். கொள்ளு ஊறவைப்பது, புல்லுக்கட்டு அவிழ்ப்பது, மாலீஷ் செய்வது எல்லாம் அவர் வசமாயிற்று. வீட்டில் கோபம்தான். மானம் போகிறது என்றார் தாத்தா. பாய் வீடு வரை வந்து, "குதிரைக்கு ஒரு ஆளு வேணுமுங்க சாமி, நீங்க அனுப்பலைன்னா நான் எங்க போவேன்?" என்று கேட்டார். தனக்கு உதவி வேண்டுமென்று கேட்டாரே தவிர, நோயாளிக்கு உதவி செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் தாத்தாவால் மறுக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது மாதத்தில் சித்தப்பா பேசியதை நான் கேட்டேன். என்னிடம் அல்ல, ராணியிடம். மில்லில் இயந்திரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சிநேகிதனைப் பற்றி. செகாவின் கதை ஒன்று வாசகர்களுக்கு நினைவு வரலாம். 1886-ல் எழுதியது. மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்க்கிறான். யாருக்கும் கேட்க நேரமில்லை. கடைசியில் லாயத்தில் குதிரையிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறான். அதைப் படித்தபோது எனக்கு அது ருஷ்யாவாகத் தெரியவில்லை.

குதிரை ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதற்கு விடை ஜெர்மனியில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற உபாத்தியாயர், தம் குதிரை ஹான்ஸ் கணக்குப் போடும் என்று ஊரைக் கூட்டிக் காட்டினார். கேள்வி கேட்டால் விடைக்கு ஏற்றபடி குளம்பைத் தட்டும். மோசடி எதுவும் இல்லை. பங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907-ல் சொன்னார்: கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது, சரியான எண் வந்ததும் கேட்பவர் தம்மை அறியாமல் தலையைச் சற்று அசைக்கிறார், உடம்பு தளர்கிறது, ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்துகிறது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று எல்லோரும் ஏமாந்தார்கள். மனிதனைப் படிக்கத் தெரியும் என்பதல்லவா பெரிய செய்தி! (அந்த நாளில் வியன்னாவில் குதிரைக்குப் பயந்து தெருவில் இறங்காத ஒரு சிறுவனைப் பற்றி பிராய்டு 1909-ல் எழுதினார். அவனுக்கு அவர் வைத்த பெயரும் ஹான்ஸ்தான்.) இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டி 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கோபமான முகத்தைக் கண்டதும் குதிரைகளின் நெஞ்சுத் துடிப்பு வேகமாக ஏறியது. வேட்டையாடப்படுகிற ஜாதி அல்லவா? எதிரே நிற்பவன் உடம்பு என்ன நினைக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பிழைத்து வந்திருக்கிறது. அதனிடம் வாயால் பொய் சொல்லிப் பயன் இல்லை. அது கிட்டே வர வேண்டுமானால் நாம் உள்ளபடியே அடங்க வேண்டும். சித்தப்பா அன்று கற்றுக்கொண்டது அதுதான்.

உலகத்தின் கண் இதில் விழுந்தது ஒரு டேனிஷ் பெண்மணியால். லிஸ் ஹார்டெல் 1944-ல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே அசைவிழந்தார். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. 1969-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊனமுற்றோர் குதிரையேற்றத்துக்கென்றே சங்கங்கள் ஏற்பட்டன. முதலில் உடம்புக்கு, நடக்கும் குதிரையின் அசைவு, சவாரி செய்பவர் இடுப்பை மனித நடை போலவே அசைக்கிறது. மனத்துக்குப் பிறகுதான் வந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தார் போர் நினைவால் அல்லற்பட்ட 63 பழைய சிப்பாய்களுக்கு எட்டு வாரம் குதிரைகளோடு பழக்கம் கொடுத்து, 2021-ல் எழுதினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நல்ல குணம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூட்டம் வைக்கவில்லை. குணம் குதிரையாலா, கூடிப் பேசியதாலா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டுக் குதிரை தேடிப் புறப்படுவது பைத்தியக்காரத்தனம். சித்தப்பாவுக்கும் பிற்பாடு மருந்து வேண்டியிருந்தது. சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனார். ஆனால் தாமாகவே போனார், பஸ்ஸில், சில்லறை எண்ணிக் கொடுத்து.

2015-ல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியில் ஒப்பிடவும் செய்தார்கள். ஆட்டிசம் உள்ள 127 குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பத்து வாரம் உயிருள்ள குதிரையில் சவாரி. மற்றதற்கு அதே லாயத்தில், குதிரை இல்லாமல், பஞ்சடைத்த பெரிய பொம்மைக் குதிரையை வைத்துப் பாடம். உயிருள்ள குதிரையோடு பழகிய குழந்தைகளின் எரிச்சலும் அளவுமீறிய துறுதுறுப்பும் அதிகம் குறைந்தன. இதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1971-ல் பாய் தள்ளாமையால் ராணியை விற்றுவிட்டார். சித்தப்பா ஒரு வாரம் சட்டைப் பையில் கொள்ளோடு அலைந்தார். பாட்டி அவரையும் என்னையும் முனியப்பன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே வேண்டுதலுக்கு வைத்த மண் குதிரைகள் வரிசையாக நின்றன. வர்ணம் அடித்து, கழுத்தில் மணியெல்லாம் செய்து, அழகாகத்தான் இருந்தன. சித்தப்பா ஒன்றின் கழுத்தில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"வெயில்ல சூடாத்தான் இருக்குது. மூச்சுதான் இல்லே" என்றார் என்னிடம். பையிலிருந்த கொள்ளைக் கோயில் வாசலில் மேய்ந்த ஆட்டுக்குப் போட்டுவிட்டு, பாய் வீடு எந்தத் தெரு என்று கேட்டார்.