முள்ளு நடுவுலதான் இருந்துச்சு

1991 மே மாசம். எனக்கு பத்து வயசு. தென்காசியில இருந்து ஆரியங்காவு ஐயப்பன் கோயிலுக்கு அப்பாவோட கார்ல குடும்பமா கிளம்பினோம். அப்பா, அம்மா, நான், தங்கச்சி, மாமா, அத்தை, அவங்க பையன். அஞ்சு பேர் போற வண்டியில ஏழு பேர். அது அந்தக் காலத்து கணக்கு, விடுங்க.

புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போது வண்டி இழுக்கல. இஞ்சின்ல இருந்து டக டகன்னு சத்தம். அப்புறம் ஒரு தீஞ்ச வாடை. அதோட நின்னுடுச்சு. பானெட்டைத் திறந்து பார்த்தா ரேடியேட்டர்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல. கீழ் ஹோஸ் வெடிச்சு எல்லாம் ரோட்டோட போயிருக்கு. ஹெட் வளைஞ்சு, பிஸ்டன் பிடிச்சு, இஞ்சின் காலி. லாரி பிடிச்சு வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தோம்.

எல்லார் முன்னாடியும் மாமா சொன்னார்: "முள்ளைப் பாக்காம வண்டி ஓட்டினா இப்படித்தான் ஆகும் அத்தான்."

அப்பா சொன்னது ஒரே வரி. "முள்ளு நடுவுலதான் இருந்துச்சு மாப்ள."

யாரும் நம்பல. உண்மையைச் சொன்னா, நானும் நம்பல. இஞ்சின் வெந்து போனப்ப ஹீட் மீட்டர் முள்ளு நடுவுல நிக்குமா? அந்த வருஷமே அப்பா வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துட்டார். அதுக்கப்புறம் கார் ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல. குடும்பத்துல எந்த விசேஷம்னாலும் இந்தக் கதை வரும், எல்லாரும் சிரிப்பாங்க, அப்பாவும் கூட சேர்ந்து சிரிப்பார்.

(வண்டி என்ன கம்பெனின்னு கேக்காதீங்க. தப்பு கம்பெனி மேல இல்ல, வயசான ரப்பர் ஹோஸ் மேல. அப்போ ஊர்ல ஓடினது பெரும்பாலும் மூணே கார், அதுல ஒண்ணு.)

முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு இந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு தீர்ப்பு கிடைச்சுது. அதுவும் பெங்களூர்ல, ஜே.சி. ரோடு பக்கத்துல. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, இந்த மீட்டர்கள் எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பார்த்துடலாம். நான் இஞ்சினியர் இல்லீங்க. பி.காம் படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டறவன். எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் சொல்வேன்.

திருவிழா பீப்பியும் ஆயில் மீட்டரும்

கார் வர்றதுக்கு முன்னாடியே மீட்டர் வந்தாச்சு. 1849ல பிரான்ஸ்ல யூஜின் போர்டான்னு ஒருத்தர் நீராவி இஞ்சினுக்காக ஒரு பிரஷர் மீட்டர் கண்டுபிடிச்சார். வளைச்ச தட்டையான குழாய், ஒரு முனை மூடியிருக்கும். உள்ள அழுத்தம் ஏறினா குழாய் நிமிரப் பார்க்கும். நம்ம ஊர் திருவிழாவுல சுருட்டி வச்ச காகிதப் பீப்பி விப்பாங்களே, ஊதினா நீளுமே, அதே கதைதான். அந்த நிமிர்தலை முள்ளோட கோத்துவிட்டா மீட்டர் ரெடி. பழைய கார்கள்ல ஆயில் பிரஷர் மீட்டர் இப்படித்தான். மெல்லிசா ஒரு செப்புக் குழாய் இஞ்சின்ல இருந்து டாஷ்போர்டு வரைக்கும் ஆயிலையே கொண்டு வந்துடும். குழாய் விட்டுச்சுன்னா வேட்டி நாசம்.

ஸ்பீடோமீட்டருக்கு 1902ல ஜெர்மனியில ஓட்டோ ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு கேபிள் சுத்திக்கிட்டே வரும். அதோட முனையில ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாம அதைச் சுத்தி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுத்தச் சுத்த கிண்ணத்துல மின்சாரம் சுழிச்சு அதையும் கூட இழுக்கும், ஒரு மெல்லிய ஸ்பிரிங் பிடிச்சு நிறுத்தும். நம்ம வீட்டுல முன்னாடி இருந்த ஈ.பி. மீட்டர்ல தகடு சுத்துமே, அதுக்கும் இதுக்கும் தத்துவம் ஒண்ணுதான். லண்டன்ல கடிகார வியாபாரம் பண்ணிட்டிருந்த ஸ்மித் கம்பெனி இந்தத் தொழில்ல இறங்கி, பிற்பாடு பிரிட்டிஷ் கார் டாஷ்போர்டுகளை நிறைச்சுது.

ஹீட் மீட்டர் கதை இன்னும் சுவாரசியம். 1910கள்ல அமெரிக்காவுல பாய்ஸ் மோட்டோமீட்டர்னு ஒண்ணு வந்துச்சு. ரேடியேட்டர் மூடி மேலேயே ஒரு தெர்மாமீட்டர்! டிரைவர் கண்ணாடி வழியா பானெட்டைத் தாண்டி எட்டிப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும். அப்புறம் அது டாஷ்போர்டுக்குள்ள வந்துச்சு. இஞ்சின் தண்ணியில முங்கி இருக்கற மாதிரி ஒரு சின்னக் குமிழ், அதுக்குள்ள ஈதர் மாதிரி சீக்கிரம் ஆவியாகிற திரவம். தண்ணி சூடானா ஆவி அழுத்தம் ஏறும், மெல்லிய குழாய் வழியா வந்து முள்ளைத் தள்ளும். மறுபடியும் அதே பீப்பி.

வரவு செலவு

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆம்ப்ஸ் மீட்டர். நடுவுல பூஜ்யம். ஒரு பக்கம் பேட்டரிக்கு வரவு, இன்னொரு பக்கம் பேட்டரியில இருந்து செலவு. ராத்திரி லைட், வைப்பர் எல்லாம் போட்டு, முள்ளு செலவுப் பக்கமே நின்னா டைனமோவுக்கு ஏதோ ஆச்சுன்னு அர்த்தம். இதைவிடத் தெளிவா ஒரு பாஸ்புக் உண்டா?

ஆனா 1930கள்லயே அமெரிக்காவுல ஹட்சன் கம்பெனி ஒரு வேலை பண்ணுச்சு. ஆயிலுக்கும் சார்ஜுக்கும் மீட்டரை எடுத்துட்டு சிவப்பு விளக்கு வச்சுது. எரிஞ்சா ஆபத்து, எரியலைன்னா சரி. விவரம் தெரிஞ்ச டிரைவர்கள் அதுக்கு 'முட்டாள் விளக்கு'ன்னு பேர் வச்சாங்க. விலை குறைச்சல், யாருக்கும் புரியும். ஆனா முள்ளு கொஞ்சம் கொஞ்சமா இறங்குறதைப் பார்த்து, நாலு நாள் முன்னாடியே உஷார் ஆகிற வசதி போச்சு. பேலன்ஸ் சொல்லாம 'பணம் இருக்கு', 'பணம் இல்லை'ன்னு மட்டும் சொல்ற பேங்க் மாதிரி.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். அம்பாசடர் பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டோட வாரிசு. பிரீமியர் பத்மினி இத்தாலி ஃபியட்டோட வாரிசு. சென்னையில 1961ல இருந்து தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிரிட்டிஷ் டிரையம்ஃபோட வாரிசு. வண்டி வந்த இடத்துல இருந்துதான் டாஷ்போர்டு யோசனையும் வந்துச்சு. 1975ல கோயமுத்தூர்ல பிரீமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ்னு ஒரு கம்பெனி உற்பத்தி ஆரம்பிச்சுது. பிரிக்கால்னு சொன்னா உங்களுக்கே தெரியும். நீங்க ஓட்டின ஏதாவது ஒரு பைக்கோ, அப்பா ஓட்டின டிராக்டரோ, அதோட மீட்டர் கொங்கு நாட்டுல பிறந்ததா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஜே.சி. ரோடு தீர்ப்பு

இப்ப பெங்களூர். எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு கன்னடக்காரர், ரிட்டயர்டு, 1960கள்ல வந்த பிரிட்டிஷ் கார் ஒண்ணை வச்சு சீராட்டிட்டிருக்கார். அதுல பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் ரெண்டுமே எப்பவும் மேலயே நிக்குது. டேங்க்ல ரெண்டு லிட்டர் இருந்தாலும் ஃபுல். "வாங்க சார், ஒரு சனிக்கிழமை போய்ட்டு வரலாம்"னு கூட்டிட்டுப் போனார். ஜே.சி. ரோடு பழைய ஸ்பேர் பார்ட்ஸ்காரங்க கோட்டை. பக்கத்துச் சந்துல மீட்டர் வேலை பார்க்கிற ஒரு பெரியவர், பேச்சைக் கேட்டதுமே வேலூர்ப் பக்கம்னு தெரிஞ்சுது. நான் தமிழ்னு தெரிஞ்சதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்புறம் எனக்கு ஒரு மணி நேரம் கிளாஸ்.

அவர் சொன்னது இதுதான். 1960கள்ல பல பிரிட்டிஷ் கார்கள்ல முள்ளை நகர்த்துறது ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை. மேல கம்பி சுத்தியிருக்கும். கரண்ட் போனா சூடாகி வளையும், முள்ளு ஏறும். டேங்க்ல ஒரு மிதவை, இஞ்சின்ல சூட்டுக்கு ஏத்த மாதிரி தடையை மாத்துற ஒரு சென்சார், இதுங்கதான் எவ்வளவு கரண்ட் போகணும்னு முடிவு பண்றது. ஆனா பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினா முள்ளும் ஏறி இறங்குமே? அதுக்காக ரெண்டு மீட்டருக்கும் பொதுவா ஒரு குட்டி ஸ்டெபிலைசர், சராசரியா 10 வோல்ட் கொடுக்கிறதுக்கு. அதோட எர்த் துருப்பிடிச்சா முழு பேட்டரி வோல்டேஜும் அப்படியே போகும். ரெண்டு முள்ளும் பொய் சொல்லும்.

"ரெண்டும் ஒரே பக்கமா தப்பு காட்டினா, ரெண்டு மீட்டரையும் கழட்டாதே. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாரு"ன்னார். இருபது வருஷமா ஆடிட்ல நான் கத்துக்கிட்டதை அவர் ஒரே வரியில சொல்லிட்டார். உப்புத்தாள் வச்சு எர்த்தைத் தேய்ச்சார், ரெண்டு முள்ளும் ஒழுங்கா இறங்கிடுச்சு.

அப்பதான் எனக்குப் புளியரை ஞாபகம் வந்துச்சு. கேட்டேன். "ஐயா, தண்ணி சுத்தமா இல்லாம இஞ்சின் ஜாம் ஆகும்போது ஹீட் முள்ளு நடுவுல நிக்குமா?"

அவர் பதில் சொல்லல. ஒரு பழைய ஹீட் மீட்டரை எடுத்தார், குமிழும் குழாயும் இருக்கற வகை. ஸ்டவ்ல தண்ணி கொதிச்சிட்டிருந்துச்சு, டீக்கு. குமிழை உள்ள விட்டார். முள்ளு மேல போச்சு. தண்ணி தளதளன்னு கொதிக்கும்போதே குமிழை வெளிய எடுத்து காத்துல பிடிச்சார். முள்ளு மெதுவா இறங்கி நடுவுக்கு வந்துச்சு. தண்ணி இன்னும் கொதிச்சிட்டுதான் இருந்துச்சு.

"முள்ளு இஞ்சின் சூட்டைக் காட்டாது தம்பி. அந்தக் குமிழைத் தொடற தண்ணியோட சூட்டைத்தான் காட்டும். தண்ணியே இல்லைன்னா அது காத்தைப் பார்த்துட்டு எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லும்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. பி.காம் முதல் வருஷத்துல சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு பரிவர்த்தனையை ரெண்டு பக்கமும் எழுதாம விட்டுட்டா, டிரையல் பேலன்ஸ் அழகா டேலி ஆகும். டேலி ஆகுதுங்கிறதுக்காக கணக்கு சரின்னு அர்த்தம் இல்ல. நான் ஆயிரம் தடவை அதை ஜூனியர்களுக்குச் சொல்லியிருக்கேன். எங்கப்பாவுக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்க்கத் தோணல.

இப்ப கணக்குப் பார்த்தா எல்லாம் பொருந்துது. அன்னைக்கு ஆவிகூட பெருசா வரல. தண்ணி இருந்தாத்தானே ஆவி வரும்?

இன்னைக்கு நிலவரம்

இந்த ஊருக்கும் சென்சார் கதைக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஆடுகோடியில 1950கள்ல இருந்தே ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செஞ்ச மைக்கோ, ஜெர்மனி பாஷ் கம்பெனியோட இந்தியக் கிளை. மைக்கோ லேஅவுட்டுக்குப் பேர் அங்கிருந்துதான் வந்துச்சு. 2008ல கம்பெனி பேரும் பாஷ்னே மாறிடுச்சு. அந்த பாஷ்தான் 1976ல புகையில ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம்னு பார்க்கிற லாம்டா சென்சாரைக் கார்ல கொண்டு வந்துச்சு. முதல்ல அமெரிக்காவுக்குப் போன வால்வோ கார்கள்ல. இங்க 2000க்கு அப்புறம் புகைக் கட்டுப்பாடு இறுக இறுக கார்புரேட்டர் போய் சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்துச்சு. 2020 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 6 வந்தப்ப இன்னும் கூடுச்சு.

சென்சார் பெருகுச்சு, டாஷ்போர்டுல முள்ளு குறைஞ்சுது. நிறைய சின்ன கார்கள்ல இப்ப ஹீட் மீட்டரே கிடையாது, ஒரு விளக்குதான். முள்ளு இருந்தாலும் பல வண்டிகள்ல கம்ப்யூட்டர் அதை வேணும்னே நடுவுல நிறுத்தி வைக்கும், நாம பயப்படக் கூடாதுன்னு. நம்மளைவிட அது நல்லாப் பார்த்துக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அதுவும் ஏதோ ஒரு குமிழ் தொடற இடத்தைத்தான் படிக்குது.

ஊர்ல அப்பாவோ தாத்தாவோ ஓட்டின பழைய வண்டி உங்க வீட்டுலயும் நிக்கலாம். லீவுக்குப் போகும்போது ஆசையா எடுப்பீங்க. எடுக்கறதுக்கு முன்னாடி, இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணியைக் கண்ணால பாருங்க. ஹோஸை விரலால அமுக்கிப் பாருங்க, வெடிப்பு இருந்தா மாத்துங்க. சாவி போட்டதும் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரியுதான்னு பாருங்க. எரியலைன்னா பல்பு போயிருக்கும், அது ஆபத்து நேரத்துலயும் எரியாது.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். முழுக் கதையும் சொன்னேன், குமிழ், காத்து, டீத்தண்ணி எல்லாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா"ன்னார்.

"ஆமாப்பா. நாங்கதான் நம்பல. மாமாகிட்ட நான் பேசவா?"

"வேண்டாம்ல, அவனுக்கும் வயசாயிட்டு." கொஞ்சம் நிறுத்திட்டு, "ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஹோஸை நான் பாத்திருக்கணும்"னார்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப என் கார் சாவியை அவர் கையில கொடுத்தேன். தெரு முனை வரைக்கும் ஓட்டினார். வண்டியில ஏறி உட்கார்ந்ததும் முதல்ல கேட்டது: "இதுல ஹீட் மீட்டர் எங்கல இருக்கு?"

இல்லைன்னு சொன்னேன். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு வந்துதான் ஸ்டார்ட் பண்ணினார்.