தொலைவு அளக்கும் கருவி: தேர்வின் வரலாறு

துப்பாக்கியின் குழாயை விட்டு வெளிப்பட்ட கணத்திலிருந்தே குண்டு நிலத்தை நோக்கி வீழத் தொடங்குகிறது. அண்மையிலுள்ள இலக்கிற்கு இவ்வீழ்ச்சி பொருட்படுத்தத் தக்கதன்று. ஆயிரம் கெஜத்திற்கு அப்பாலோ வேகம் குன்றிய குண்டு சரிவாக இறங்குகின்றது. ஆங்குத் தொலைவை 50 கெஜம் பிழைபடக் கணித்தவனுடைய குண்டு ஏறத்தாழ மூன்றடி மேலோ கீழோ சென்றுவிடும். ஆகவே, தொலைவை அறிய எக்கருவியைத் தேர்வது என்னும் வினா படைத்துறையினரை நெடுங்காலம் அலைக்கழித்தது.

1888ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் போர் அலுவலகம் காலாட்படைக்கு ஏற்ற தொலைவுமானி ஒன்று வேண்டுமென விளம்பரம் செய்தது. லீட்ஸ் நகரில் யார்க்‌ஷயர் கல்லூரியில் பணியாற்றிய இரு பேராசிரியர்கள் அதற்கு முன்வந்தனர். ஒருவர் பொறியியல் பேராசிரியர் ஆர்ச்சிபால்டு பார். மற்றவர் இயற்பியல் பேராசிரியர் வில்லியம் ஸ்டிரௌட். இவர்தம் கருவி ஒரு நீண்ட குழாய். அதன் இரு முனைகளிலும் புகும் ஒளி நடுவில் ஒரே கண்ணுக்கு இரு பாதி உருவங்களாகத் தோன்றும். மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றாய்ப் பொருந்துமாறு திருகினால் தொலைவு தெரியும்.

ஆனால் அல்டர்ஷாட்டில் நடந்த சோதனையில் வென்றது வாட்கின் என்னும் படை அதிகாரியின் மெகோமீட்டர். இருவர் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து நின்று கோணம் பார்க்கும் எளிய கருவி அது. கயிற்றின் நீளமே அடிக்கோடாதலின் நுட்பம் மிகுதி, சுமையும் குறைவு. குண்டுமழையில் இருவர் எழுந்து நின்று கயிறு பிடிக்க வேண்டியிருக்கும் என்பதைச் சோதனைத் திடல் காட்டாது அன்றோ! எனினும் படையினரின் தேர்வை மடமை என்று தள்ளுவதற்கில்லை. அன்று அவர்கள் கேட்டது தோளில் சுமக்கக்கூடிய கருவி.

கப்பலில் கயிறு பிடிக்க இயலாது. கடற்படை, பார்–ஸ்டிரௌட் கருவியை 1892இல் 'அரத்தூசா' என்னும் கப்பலில் சோதித்து ஏற்றது. அதன் அடிக்கோடு நாலரை அடியே. 3,000 கெஜத் தொலைவிலுள்ள பொருளிடத்து அவ்வடிக்கோடு உண்டாக்கும் கோணம் ஒரு பாகையில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு. தொலைவு இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகும். இவ்வகைக் கருவிகளின் தீராக்குறை இதுவே. அடிக்கோட்டை நீட்டுவதொன்றே வழியாயிற்று.

1916 மே 31ஆம் நாள் ஜட்லாந்துக் கடற்போரில் இத்தேர்வு உரைகல்லுக்கு வந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பலவற்றில் இருந்தவை 9 அடி உருவப்பொருத்தக் கருவிகள். ஜெர்மானியர் சைஸ் நிறுவனத்தின் இருகண் கருவிகளை நம்பினர். இருகண் கருவியில் இலக்கின் உருவத்தோடு ஓர் அடையாளக் குறி ஆழத்தில் முன்னும் பின்னுமாக நகர்வதாகத் தோன்றும். மங்கலான உருவத்தையும் அது விரைவில் அளந்துவிடும். ஆயினும் அதற்குத் தேர்ந்த கண்கள் வேண்டும், அக்கண்களும் விரைவில் சோரும். உருவப்பொருத்தக் கருவியை எவரும் பழகலாம். ஆனால் பாய்மரம் போன்ற செங்குத்துக் கோடு தெளிவாகத் தெரிதல் வேண்டும். அன்று மாலை மேற்கு வானம் ஒளிர, பிரிட்டிஷ் கப்பல்களின் வடிவம் தெளிவாயிருந்தது; ஜெர்மன் கப்பல்கள் மங்கலில் மறைந்தன. பிரிட்டிஷாரின் முதற் குண்டுகள் இலக்கைக் கடந்து அப்பால் வீழ்ந்தன. 'இண்டிபாட்டிகபிள்', 'குயின் மேரி' என்னும் இரு கப்பல்கள் வெடித்து, ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்தைக் கையாண்டதில் இருந்த கவனக்குறைவுக்கும் இதில் பெரும்பங்குண்டு. பழி முழுவதையும் கருவியின் மீது சுமத்துவது முறையன்று. போருக்குப் பின்னும் பிரிட்டிஷ் கடற்படை உருவப்பொருத்தக் கருவியையே பெரிதும் கைக்கொண்டது.

1960 மே மாதத்தில் அமெரிக்க அறிஞர் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லினின்று லேசர் ஒளியை எழுப்பினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது தொலைவுமானி ஆயிற்று. இங்கு அடிக்கோடே தேவையில்லை. ஒளித்துடிப்பு சென்று மீளும் காலத்தை அளந்தால் போதும். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று மீள, வினாடியைப் பத்து இலட்சம் பங்காக்கிய கூறுகளில் ஏழுக்கும் குறைவே ஆகும். தொலைவின் இருமடிப்படி பிழை வளரும் பழைய தொல்லையும் ஒழிந்தது.

எனினும் தேர்வின் இடர் ஒழியவில்லை. தொடக்க காலக் கருவிகளின் கதிர் கண்ணைக் கெடுக்க வல்லது. பின்னரே எர்பியம் கலந்த கண்ணாடியிலிருந்து, கண்ணுக்குத் தீங்கு குறைந்த கதிர் பெறப்பட்டது. இன்று கையடக்கக் கருவி வாங்குவோர் பெட்டியின் மேல் அச்சிட்ட பெருந்தொலைவைக் கண்டு மயங்குகின்றனர். அவ்வெண் பெரும்பாலும் ஒளியை நன்கு எதிரொளிக்கும் பலகைக்கு உரியது. மானின் தோலுக்கு அதிற் பாதியும் கிட்டாமற் போகலாம். கதிரின் விரிவைக் காண்பார் சிலரே. ஆயிரம் மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் விரியும் கதிர் மானின் உடலைவிட அகன்றது. ஆதலின் பின்னாலுள்ள பாறையின் தொலைவையோ முன்னாலுள்ள புதரின் தொலைவையோ கருவி காட்டிவிடும். முதல் எதிரொளியைக் கொள்வதா, கடைசி எதிரொளியைக் கொள்வதா என்று மாற்றியமைக்கும் வசதி நல்ல கருவிகளில் இருப்பது இதனாற்றான்.