எபேசு முதல் பாலையூற்று வரை: இயேசு மனிதரா, கடவுளா என்னும் விவாதத்தின் சமூக வரலாறு

1

சமயக் கோட்பாடுகளின் வரலாற்றை ஆராய்வோரிடையே இரு போக்குகள் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. கோட்பாடுகளைச் சிந்தனையாளர் சிலரது மதிநுட்பத்தின் விளைவாகக் கொண்டு, காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்டனவாக அவற்றைக் காண்பது ஒன்று. கோட்பாட்டுச் சச்சரவுகள் யாவும் பொருளாதார நலன்களின் மாறுவேடமே எனத் தீர்ப்புக் கூறி, அவற்றின் உள்ளடக்கத்தை ஆராயாது ஒதுக்கிவிடுவது மற்றொன்று. முன்னையது கருத்துமுதல்வாதம். பின்னையது தன்னைப் பொருள்முதல்வாதம் என அழைத்துக்கொள்ளினும் உண்மையில் கொச்சைப் பொருளாதாரவாதமே. இயேசு மனிதரா, கடவுளா, அன்றி இரண்டுமா என்னும் வினாவின் வரலாறு இவ்விரு போக்குகளின் போதாமையையும் ஒருங்கே காட்டுவது. அவ்வினாவை ஈழத்துத் தமிழ்ச் சூழலில் நிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை நகர்ப்புறத்திலுள்ள பாலையூற்றை நாம் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறோம். தமிழ்க் கத்தோலிக்கரோடு போர்த்துக்கேயப் பறங்கியரும் வாழும் இவ்வூரில் லூர்து அன்னை திருத்தலம் அமைந்துள்ளது. 1858இல் பிரான்சின் லூர்து நகரில் ஓர் ஏழைச் சிறுமி கண்டதாகக் கூறிய காட்சியிலிருந்து எழுந்த பக்தி, ஊற்றின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய இவ்வூரில் நிலைகொண்டமை பொருத்தமாகவே தோன்றுகிறது. அங்கு வழிபடுவோர் மரியாளைப் பழைய செபத்தில் சர்வேசுரனுடைய மாதா என்றும், இன்றைய செபத்தில் இறைவனின் தாய் என்றும் அழைப்பர். பழகிப்போன சொற்கள்தாம். ஆயின், ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு பேரரசையே பிளவுபடுத்திய விவாதத்தின் தீர்ப்பு இச்சொற்களில் உறைந்து கிடக்கிறது.

இவ்விடத்து மற்றொன்றையும் மனங்கொள்ளுதல் வேண்டும். அதே குடாவைச் சூழ்ந்துள்ள கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம்களுக்கு மர்யமின் மகன் ஈஸா மதிப்புக்குரிய இறைதூதர், இறைவன் அல்லர். கோணேசரை வழிபடும் சைவருக்கோ, பிறப்பும் இறப்பும் உடைய ஒருவர் பதியாதல் இயலாது. ஆக, ஒரே துறைமுகத்தின் கரைகளில் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் இன்றும் வழங்கி வருகின்றன.

2

325இல் நிசேயாவில் கூடிய திருச்சங்கம், மகன் தந்தையால் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுஸின் கொள்கையை நிராகரித்து, மகன் தந்தையோடு ஒரே பொருளினர் என வரையறுத்தது. அச்சங்கத்தைக் கூட்டியவர் பேரரசர் கொன்ஸ்தாந்தீன். ஒரே பேரரசு, ஒரே பேரரசர், ஒரே நம்பிக்கை என்னும் அரசியல் தேவை அதன் பின்னணியில் இருந்தமை வெளிப்படை. இதனைக் கொண்டு, கடவுளாகிய கிறிஸ்து ஆளுவோரின் தேவை என்றும், மனிதராகிய இயேசு ஆளப்படுவோரின் தேவை என்றும் ஒரு வாய்ப்பாட்டை அமைத்துக்கொள்ள முற்போக்காளர் பலர் விழைவதுண்டு. வரலாறு அவ்வாய்ப்பாட்டுக்கு இடந்தருவதில்லை. கொன்ஸ்தாந்தீனின் மகன் கொன்ஸ்தாந்தியுஸ் ஆரியுஸின் தரப்பினருக்கே ஆதரவு நல்கினான். பின்னர் கொத்தியர், வந்தாலியர் ஆகியோரின் அரசர்களும் ஆரியக் கிறிஸ்தவர்களாகவே இருந்தனர். மகனைத் தந்தைக்குக் கீழ்ப்படுத்திய கோட்பாடும் அரியணைக்கு ஏற்றதாகவே இருந்தது.

431இல் எபேசுவில் விவாதம் மரியாளைப் பற்றியதாக உருக்கொண்டது. கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயர் நெஸ்தோரியஸ், அவரைக் கடவுளின் தாய் என்பதிலும் கிறிஸ்துவின் தாய் என்பதே தகும் என்றார். குழந்தையாய்ப் பிறந்ததும் பசித்ததும் சிலுவையில் மாண்டதும் மனித இயல்பு. கடவுள் துன்புறுதல் இயலாது என்பது அவர் தரப்பின் அடிப்படை. அலெக்சாந்திரியாவின் சிரில் இதனை எதிர்த்தார். பிறந்தவரும் துன்புற்றவரும் இறைவாக்கே என்று கொள்ளாவிடின் மீட்பு என்பதே பொருளற்றதாகும் என்பது அவரது வாதம். இவ்வாதத்துக்குப் பின்னே இரு பெருநகரங்களின் அதிகாரப் போட்டியும், தலைநகருக்குத் தானியம் அனுப்பிய எகிப்தின் வலுவும், அரசவையினருக்குச் சிரில் வழங்கிய பொன்னும் தந்த இருக்கைகளும் இருந்தன. 451இல் கால்செதோன் திருச்சங்கம் ஒரே ஆளில் இரு இயல்புகள், அவை கலப்பின்றியும் பிரிவின்றியும் உள்ளன, என வரையறை செய்தது. எகிப்திலும் சிரியாவிலும் பெருந்தொகையினர் அதனை ஏற்க மறுத்தனர்.

இம்மறுப்பு வேடமிட்ட தேசிய எழுச்சியே என முன்னர்க் கூறப்பட்டதுண்டு. 1959இல் வரலாற்றாசிரியர் ஏ. எச். எம். ஜோன்ஸ் அக்கருத்தைக் கடுமையாக ஐயுற்றார். அம்மக்கள் தாம் கூறியதையே கருதினர் என்பது அவர் முடிபின் சாரம். மார்க்சிய நோக்குடையோர் இதனை மறுக்க வேண்டியதில்லை. மக்கள் தம் வாழ்நிலையைச் சமயமொழியிலேயே உணர்ந்து வெளிப்படுத்திய ஒரு காலத்தில், அம்மொழியை முகமூடியாகக் கருதுவது வரலாற்றுணர்வு ஆகாது.

3

எபேசுவில் தோற்ற தரப்பே இலங்கைக்கு முதலில் வந்து சேர்ந்தது என்பது பலரும் கவனியாத செய்தி. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் கொஸ்மாஸ், தப்ரபேன் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் தேவாலயம் ஒன்று இருந்ததையும், பாரசீகத்தில் நியமனம் பெற்ற குரு ஒருவர் அங்கு பணியாற்றியதையும் குறிப்பிடுகிறார். தீவின் மக்களும் அரசரும் வேற்றுச் சமயத்தவர் என்றும் அவர் கூறுகிறார். 1912இல் அநுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இச்சமூகத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

பாரசீகத் திருச்சபை இரு இயல்புகளையும் வேறுபடுத்தி வற்புறுத்திய மரபை மேற்கொண்டமைக்கு ஆழ்ந்த இறையியற் காரணங்கள் உள. எனினும், சசானியப் பேரரசில் வாழ்ந்த கிறிஸ்தவர் உரோமப் பேரரசின் ஒற்றர் என்ற ஐயத்துக்கு ஆளாகித் துன்புற்றவர் என்பதும் கருதற்பாலது. 424 அளவில் அச்சபை மேற்கின் ஆணையிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டது. 489இல் எடேசாக் கல்விக்கூடம் உரோமப் பேரரசரால் மூடப்பட, அதன் மரபு எல்லைக்கு அப்பால் நிசிபிசில் தழைத்தது. உரோமத்தின் நம்பிக்கை எமது நம்பிக்கை அன்று எனக் காட்டுவது பாரசீகக் கிறிஸ்தவருக்கு உயிர்ப் பாதுகாப்பாகவும் அமைந்தது. கோட்பாட்டின் உண்மையை இது பொய்யாக்காது. அது எவ்விடத்தில் வேரூன்றிற்று என்பதை விளக்கும்.

கேரளத்தில் இதே மரபு நிலைத்தது. இலங்கையிலோ அது வணிகர் குடியிருப்பின் சமயமாகவே இருந்து, வணிக வழிகள் மாறியபோது மறைந்தது. உள்நாட்டு உற்பத்தி வாழ்வில் வேர்கொள்ளாத சமயம், கோட்பாடு எத்துணைச் செம்மையுடையதாயினும், நிலைப்பதில்லை.

4

போர்த்துக்கேயர் வருகையோடு வென்ற தரப்பு ஆயுதம் தாங்கி வந்தது. 1599இல் கேரளத்து உதயம்பேரூரில் கூட்டப்பட்ட சங்கம் நெஸ்தோரியஸின் பெயரையும் அவர் மரபினரின் நூல்களையும் வழிபாட்டிலிருந்து அகற்றிற்று. எபேசுவின் தீர்ப்பு பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர்க் கோவையின் அதிகாரத்தால் மலபாரில் நிறைவேற்றப்பட்டது. 1620களில் திருகோணமலையில் கோணேசர் கோவில் இடிக்கப்பட்டுக் கோட்டை எழுந்தது. பின்னர் வந்த ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபைக்கும் கத்தோலிக்கருக்கும் இரு இயல்புக் கோட்பாட்டில் கருத்து வேறுபாடே இல்லை. அவ்வாறிருந்தும் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். குடியேற்ற அரசுக்கு வேண்டியது பற்றுறுதி; கோட்பாடு அதற்கு அடையாளச் சீட்டு மாத்திரமே.

தடைசெய்யப்பட்ட அக்காலத்திலேதான் எமது ஆய்வுக்கு மிக இன்றியமையாத இலக்கியச் சான்று தோன்றுகிறது. யோசேப் வாசைத் தொடர்ந்து 1705இல் கோவையிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றி 1742இல் மறைந்தார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஒப்பாரியின் சாயலுடைய இராகத்தில் வாசிக்கப்பட்டு வந்த பாடுகளின் நூல். மன்னார்ப் பேசாலையில் உருவங்களைக் கொண்டு நிகழ்த்தப்பெறும் உடக்குப் பாஸ் முதலாகத் திருமறைக் கலாமன்றத்தின் அரங்கேற்றங்கள் வரை, பாடுகளின் கலை ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தொடர்ச்சியாக வளர்ந்துள்ளது.

இதன் இறையியற் பொருள் யாது? தமிழ்க் கத்தோலிக்கர் இரு இயல்புக் கோட்பாட்டை வரைவிலக்கணமாகக் கற்றதிலும், அழுகையாகவே அதிகம் கற்றனர். இறந்தவனை முன்வைத்துத் தாய் அழும் ஒப்பாரி, எம் மக்களின் மிகப் பழைய வாய்மொழி வடிவங்களுள் ஒன்று. அவ்வடிவத்தினுள் வைக்கப்பட்டதும், அரசாணையால் கொலையுண்ட ஒருவனின் தாய் கடவுளின் தாயாகிறாள். கடலுக்குச் சென்ற மகன் திரும்பாத தாய்க்கும், பிற்காலத்தில் போரில் மகனைக் காணாமற்போகக் கொடுத்த தாய்க்கும் இச்சொல் எதைக் குறித்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே. எபேசுவின் அரசவைச் சூழ்ச்சிகளினூடே வெற்றிபெற்ற அதே பட்டம், வறிய பெண்ணின் துயருக்கு உலகிலேயே உயர்ந்த மாண்பை வழங்குவதாக மாறிற்று. சிரிலின் வாதத்தை அவர்கள் வாசித்ததில்லை. ஆயினும் அதன் மானுட உட்பொருளை அவர்கள் கைக்கொண்டனர்.

5

சைவரின் மறுப்பு இதற்கு எதிர்நிலையில் நின்றது. சைவசித்தாந்தத்தில் இறைவன் அடியார் பொருட்டுத் திருமேனி தாங்கி வெளிப்படுவான். கருவில் வந்து பிறப்பதில்லை. எனவேதான் அவதாரக் கோட்பாட்டையும் அது ஏற்பதில்லை. கடவுள் துன்புறுதல் இயலாது என்ற நெஸ்தோரியஸ் தரப்பின் தயக்கமும் சைவரின் தயக்கமும் தம்முள் தொடர்பின்றியே ஒத்த தருக்கத்தில் நிற்பது ஒப்பியலாளர் ஆராயத்தக்கது.

சுன்னாகம் முத்துக்குமார கவிராயரின் யேசுமதபரிகாரம், 1854இல் வெளிவந்த ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம் ஆகியவை மிஷனரிமாரின் தாக்குதலுக்கு எழுந்த எதிர்வினைகள். குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிரான பண்பாட்டுத் தற்காப்பு இவ்வியக்கத்தில் உண்டு. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதே வேளை, நாவலர் பேணிய சமூகம் சாதியாசாரத்தால் அடுக்கப்பட்ட சமூகம் என்பதையும் மறைக்கலாகாது. இயேசுவின் இறைமையை மறுத்தமை இங்கு மனிதர் அனைவரதும் சமத்துவத்துக்கு இட்டுச்செல்லவில்லை. மேற்கண்ட வாய்ப்பாடு மீண்டும் பொய்க்கின்றது.

6

மறுபுறத்தே, இயேசுவின் மனிதத்தை முன்னிறுத்தியமை விடுதலைக்குத் துணையாகிய சந்தர்ப்பங்களும் உள. சென்னையில் தொழிற்சங்கத் தலைவராயும் நகர முதல்வராயும் விளங்கிய வெ. சக்கரை, இயேசுவே முழுமையான மனிதர், அவரது அவதாரம் முடிவுறாது தொடர்வது என 1920களில் எழுதினார். கோட்பாட்டுச் சூத்திரங்களிலிருந்து அன்று, மனிதராகிய இயேசுவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் நிலை.

இலங்கையில் இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தண்டனைக்குரியதாயிற்று. 1971இல் கொழும்பில் சமூக, சமய நிலையத்தை நிறுவிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு திஸ்ஸ பாலசூரிய, மரியாளும் மானுட விடுதலையும் பற்றிய நூலை 1990இல் வெளியிட்டார். அடக்கமும் பணிவுமே உருவான மரியாளை மரபு படைத்துவிட்டது. வறிய உழைக்கும் பெண்ணாகவும், வலியோர் வீழ்வதையும் தாழ்ந்தோர் உயர்வதையும் பாடியவளாகவும் அவளை மீட்க வேண்டும் என்றார் அவர். சென்மப்பாவக் கோட்பாட்டை வினாவியதோடு, கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாட்டையும் சார்புநிலைப்படுத்தினார் என்பது உரோமையின் குற்றச்சாட்டு. 1997 சனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1998 சனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. மரியாளைப் பற்றித் தொடங்கிய விவாதம் கிறிஸ்துவைப் பற்றியதாக முடிந்தமை எபேசுவின் வழியே ஆகும்.

பாலசூரியவின் சமூக நோக்கோடு நாம் உடன்படுகிறோம். எனினும், மரபுப் பட்டங்களின் உள்ளே மக்கள் இட்டு நிரப்பிய பொருளை அவர் போதிய அளவு கணக்கிலெடுத்தாரா என்பது வினாவுக்குரியது. பணிவைப் போதிக்கும் மரியாள் மேலிருந்து வழங்கப்பட்டவள். வியாகுலப் பிரசங்கத்தில் மக்களோடு அழும் மரியாள் அப்பட்டங்களின் உள்ளிருந்தே எழுந்தவள்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிபு பெறப்படுகிறது. கோட்பாடொன்றின் சமூகப் பொருள் அதன் வாசகத்தில் மாத்திரம் இல்லை. யார், யாருக்கு எதிராக, எந்த வாழ்நிலையில் அதனைப் பற்றி நிற்கின்றனர் என்பதிலேயே அது தீர்மானமாகிறது. கொன்ஸ்தாந்தீனின் கையில் பேரரசின் முத்திரையாகிய இறைமை, ஒப்பாரியில் ஏழையின் மாண்பாயிற்று. பாரசீகத்தில் சிறுபான்மையினரின் அரணாகிய இயல்பு வேறுபாடு, உதயம்பேரூரில் குற்றமாயிற்று. 1994 நவம்பர் 11இல் உரோமைப் பாப்பரசரும் அசீரியக் கீழைத் திருச்சபையின் தலைவரும் ஒப்பமிட்ட கூட்டறிக்கை, கடவுளின் தாய், கிறிஸ்துவின் தாய் ஆகிய இரு பட்டங்களும் ஒரே நம்பிக்கையையே உரைப்பன என ஏற்றது. எபேசு நிகழ்ந்து 1563 ஆண்டுகள் கழிந்திருந்தன. பிரிவைக் காத்துவந்த பேரரசுகள் இரண்டும் அதற்கு நெடுநாள் முன்னரே மறைந்துவிட்டன.

இனிச் செய்யவேண்டிய ஆய்வு திருச்சங்கங்களின் ஏடுகளோடு நில்லாது, எமது ஊர்களின் பழைய செபப்புத்தகங்கள், பசாம் ஏடுகள், கூத்துப் பிரதிகள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றை நோக்கித் திரும்புதல் வேண்டும். போரும் இடப்பெயர்வும் அவற்றுட் பலவற்றை அழித்துவிட்டன. எஞ்சியவை பாலையூற்று முதலிய ஊர்களில், அச்சேறாது, பாடுவோரின் நினைவிலேயே தங்கியுள்ளன. அவர்கள் வாழுங்காலத்திலேயே அவற்றைத் திரட்டுவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கவேண்டிய கடமையாகும்.