கண்ணகி மலையில் ஒரு பூசைத்தட்டு

சித்திரா பௌர்ணமிக்கு எங்க குழுப் பெண்கள் எல்லாம் பளியன்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து போனோம். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் மக்களை மேலே விடுவாங்க. "பூசைத்தட்டை நீங்க எடுக்காதீங்கக்கா, யாராச்சும் ஏதாவது சொல்வாங்க" என்றாள் ஒரு தங்கச்சி. என் வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷமாச்சு. பேசாம தட்டைக் கொடுத்துட்டேன்.

ஏறும்போதுதான் உறைச்சது. நாம கும்பிடப் போற கண்ணகியும் புருஷனைப் பறிகொடுத்தவள்தானே? சிலப்பதிகாரத்தில் அவள் பாண்டியன் சபையில் சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டினாள். மதுரை எரிந்த பிறகு சேரநாட்டு மலைக்கு வந்தாள். அவளை முதலில் தெய்வம் என்று கொண்டாடியது ராஜா இல்லீங்க, மலைக்குறவர்கள்.

அதற்கு அடுத்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணவனோடு அப்போதே உயிர்விட்ட பாண்டிமாதேவி, நியாயம் கேட்டுவிட்டு நம் நாட்டுக்கு வந்த கண்ணகி, இந்த இரண்டு பேரில் வியக்கத்தக்கவர் யார் என்று சேரன் செங்குட்டுவன் தன் மனைவியைக் கேட்கிறான். பாண்டிமாதேவி வானுலகில் சிறப்புப் பெறட்டும், நம் நாடு தேடிவந்த பத்தினியை நாம் வணங்க வேண்டும் என்கிறாள் அவள். தீர்ப்புச் சொன்னது ஒரு பெண், பாருங்க! இமயத்துக் கல்லெடுத்ததும் கங்கையில் நீராட்டியதும் அதற்குப் பிறகுதான். இலங்கையில் சிங்களவர்களும் அவளைப் பத்தினி தெய்யோ என்று இன்றும் கும்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் மூச்சு வாங்க வாங்க அந்தத் தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டே ஏறினேன். அவள் ஒண்ணும் பேசல. கோயில் வாசலில் வரிசை நகர்ந்தபோது தட்டை என் கையில் வைத்தாள்.