பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள்

தாளம் வாசிக்கிற யாரையாவது பிடித்து, "உங்களால மறக்கவே முடியாத கச்சேரி எது?" என்று கேட்டுப் பாருங்கள். மிருதங்கம், தவில், சர்ச்சில் டிரம்ஸ் அடிக்கிற பையன், யாராக இருந்தாலும் சரி. முக்கால்வாசிப் பேர் தான் வாசித்த கச்சேரியைச் சொல்ல மாட்டார்கள், தான் கேட்ட கச்சேரியைத்தான் சொல்வார்கள். அதிலும் என்ன ராகம், என்ன பாட்டு என்பதெல்லாம் வராது. "அந்த இடத்துல கையை நிறுத்தினாரு பாருங்க..." என்று ஆரம்பித்து மேஜை மேல் விரலால் தட்டிக் காட்டுவார்கள். நமக்கு ஒண்ணும் புரியாது. அவர்கள் முகம் மட்டும் பிரகாசமாக இருக்கும்.

நான் வாசிக்கிறவன் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் ஃபாக்டரிகளுக்கு மெஷின் கண்ட்ரோல் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். நாள் முழுக்க பிரஸ் மெஷின் போடுகிற தாளம்தான் காதில். ஆனாலும் இந்தக் கேள்வியை ரெண்டு வருஷமாகக் கண்ணில் பட்ட ஆட்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. பாட்டுக்குச் சாகித்யம் இருக்கிறது, ஸ்வரக் குறிப்பு இருக்கிறது. தாள வாத்தியத்தின் சரித்திரம் மட்டும் பெரும்பாலும் இந்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

எங்க ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகிற ரயிலில் திருவாலங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கேதான். சுமார் ஆறாம் நூற்றாண்டில் காரைக்கால் அம்மையார் இந்த ஆலங்காட்டைப் பற்றி மூத்த திருப்பதிகங்கள் பாடினார். அதில் ஒன்றில், சுடுகாட்டில் நடக்கிற ஆட்டத்துக்கு என்னென்ன வாத்தியம் முழங்கியது என்று ஒரு பட்டியலே கொடுக்கிறார். தக்கை, தகுணிதம், துந்துபி, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை... முக்கால்வாசி தோல் கருவிகள். என் பார்வையில் திருவள்ளூர் மாவட்டத்தின் முதல் கச்சேரி விமர்சனம் இதுதான் :-)

ஆனால் பாருங்கள், பெயர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, சத்தம் இல்லை. ஐந்து முகம் உள்ள குடமுழா திருவாரூரில் இன்னும் இருக்கிறது. தகுணிதம் எப்படிப் பேசும், மொந்தை எப்படிப் பேசும்? அந்தப் பாட்டை எத்தனை தடவை படித்தாலும் காதில் விழாது.

சரி, அது ஆயிரத்து ஐந்நூறு வருஷக் கதை, நம்ம காலத்தில்தான் ரெக்கார்டிங் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது. ஆனால் முதலில் வந்த கிராமபோன் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம்தான் ஓடும். 1925 வாக்கில் மின்சார முறை வரும்வரை, ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். குரல் ஓரளவு பதிவாகும். மத்தளத்தின் அடிநாதம் சரியாகப் பதியாது. நேரத்தையும் யோசியுங்கள். மூன்று நிமிஷத்தில் பாட்டையே அடைக்க முடியாது, அதில் தனி ஆவர்த்தனத்துக்கு யார் இடம் கொடுப்பார்?

இதனால் நமக்குக் கிடைக்காமல் போனது புதுக்கோட்டை. தவில் மரபிலிருந்து கற்றுக்கொண்ட மான்பூண்டியா பிள்ளைதான் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிசு, உடும்புத் தோல், ஓரத்தில் சலங்கை மாதிரி காசு. இவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா, மிருதங்கம் ரெண்டிலும் ராஜா. 1936ல் காலமானார். இவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம் கேட்டவர்கள் சொன்னதுதான்.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை கச்சேரிகளை 'ஃபுல் பெஞ்ச்' என்பார்கள். ஹைகோர்ட்டில் பல ஜட்ஜுகள் சேர்ந்து உட்காருகிற மாதிரி. ஒரு பாடகரைச் சுற்றி வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு படையே உட்கார்ந்திருக்கும். கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரி பிள்ளை. வாயாலேயே ஜதி சொல்கிறவர். பாடகர் ஒரு கணக்கு போட, சுற்றி இருக்கிற இத்தனை பேரும் அதைப் பிரித்து மேய வேண்டும். நாயனா பிள்ளை 1934ல் போய்விட்டார். காஞ்சிபுரத்தில் சின்னப் பெண்ணாக அந்தக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர் டி.கே. பட்டம்மாள். லயத்தில் அவருக்கு இருந்த பிடிப்பை யாராவது மெச்சும்போதெல்லாம் நாயனா பிள்ளை பெயர் கூடவே வரும். அந்தக் கச்சேரி இன்னொருவர் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. இப்போது இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாலக்காடு மணி ஐயர், பிறந்தது 1912. பழனி சுப்பிரமணிய பிள்ளை, அவரைவிட மூன்று நாலு வயசு மூத்தவர். மணி ஐயர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர், பழனி புதுக்கோட்டைப் பரம்பரை. பழனி இடதுகைப் பழக்கம் உள்ளவர். இதில் என்ன என்று தோன்றும். மேடையில் பாடகருக்கு வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின். அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை ஜனங்களைப் பார்த்து இருக்கும். இடதுகைக்காரர் வாசித்தால் எல்லாம் தலைகீழ். வயலின்காரர் எழுந்து இந்தப் பக்கம் வர வேண்டும். நிறைய பேர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனாலேயே பழனிக்கு ஆரம்பத்தில் மேடை கிடைப்பது கஷ்டமாக இருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமாகக் கூட வைத்துக்கொண்டார். மணி ஐயரைச் சின்ன வயசில் முன்னுக்குக் கொண்டுவந்ததும் அதே செம்பை. ஒரே மனுஷர் ரெண்டு பேரையும் தூக்கிவிட்டிருக்கிறார் என்றால் அவர் காது எப்படிப்பட்ட காதாக இருந்திருக்க வேண்டும்!

இந்த ரெண்டு பேரும் சேர்ந்தும் வாசித்திருக்கிறார்கள், மணி ஐயர் மிருதங்கம், பழனி கஞ்சிரா. மிருதங்கம் கற்றுக்கொள்கிறவர்களிடம் பழனி பெயரைச் சொன்னால் முதலில் அவர்கள் இடது உள்ளங்கைதான் அசையும். தொப்பி மேல் கையை லேசாகத் தேய்த்து அழுத்தினால் 'கும்ம்' என்று ஒரு நாதம் வளைந்து எழும்பும், அதற்கு கும்கி என்று பேர். பழனிக்கு அதில் தனி முத்திரை. தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் அந்தச் சத்தம் புதுசாகப் பிறந்து அன்று ராத்திரியே முடிந்துபோகிற ஒன்று. (வலந்தலையின் கரணையைப் போட்டுக் கொடுக்கிற பர்லாந்து போன்ற கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020ல் ஒரு புத்தகமே எழுதினார். மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தவர்கள் அவர்களும்தான். யாரும் அவர்களிடம் 'மறக்க முடியாத கச்சேரி எது' என்று அவ்வளவாகக் கேட்டதில்லை.)

மணி ஐயரிடம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் மைக். மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் கறாராக இருந்தார். பெரியவருக்குப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். சாஃப்ட்வேர்க்காரன் மூளையோடு யோசித்தால் மனுஷர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மிருதங்கத்தில் பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் சங்கீதம். மைக் என்ன செய்கிறது? சின்னதைப் பெரிசாக்கிக் காட்டுகிறது. பெரிசு ஸ்பீக்கர் தாங்காமல் அப்படியே மழுங்கிவிடுகிறது. கடைசியில் எல்லாம் ஒரே உயரம். அவர் பயந்தது சத்தத்துக்கு இல்லை, மௌனத்துக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. 1966ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. அதை வாங்கிய முதல் மிருதங்க வித்வான் அவர்தான். அதுவரை தாளம் வாசிக்கிறவர் ஒருத்தருக்கும் அது போகவில்லை. பழனி 1962லேயே போய்விட்டார்.

இனி கடல் தாண்டிய கதை. அதுவும் கும்மிடிப்பூண்டியிலேயே கிடைத்தது.

இங்கே ஒரு பெரிய இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1990லிருந்து இருக்கிறது. அங்கே தவில் வாசித்த ஒரு பெரியவரை டீக்கடையில் பழக்கம். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தெட்சணாமூர்த்தி" என்றார். "எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு தம்பி. கோயில் திருவிழா, மேளச்சமா. விடிய விடியக் கேட்டனான். நான் தவில் பழகிக்கொண்டிருந்த நேரம். அடுத்த நாள் குச்சியைத் தொடவே பயமாக் கிடந்தது."

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933ல் இணுவிலில் பிறந்தவர், அப்பா விஸ்வலிங்கமும் தவில்காரர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாகஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் போவது சகஜம். அங்கிருந்தும் இங்கே வருவார்கள். பல செட் மேளம் ஒன்றாக உட்கார்ந்து ராத்திரி முழுக்க வாசிப்பதைத்தான் மேளச்சமா என்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவன் அத்தனை பேரும் தவில்காரன். கைதட்டி ஏமாற்ற முடியாத சபை. அந்தச் சபைகளில் பேர் வாங்கியவர் தெட்சணாமூர்த்தி. 1975ல், நாற்பத்திரண்டு வயசுகூட நிரம்பாமல், காலமாகிவிட்டார். 1980களில் போர் வந்த பிறகு அந்தப் போக்குவரத்தும் நின்றுபோனது.

கிடைக்கிற ஒலிப்பதிவுகள் சொற்பம். 2015ல் அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். தேசிய விருதும் கிடைத்தது. படத்துக்கு முதுகெலும்பே கேட்டவர்களின், கூட வாசித்தவர்களின் ஞாபகம்தான். வேறு எதை வைத்து எடுக்க முடியும்?

அதே 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு காலேஜில் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் ஹுசைன், எல். சங்கர், நம்ம கடம் விநாயக்ராம் எல்லாரும் சேர்ந்த 'சக்தி' குழு வாசித்ததை நேரடியாகப் பதிவு செய்தார்கள். அது ஆல்பமாகவே வந்தது. கேட்க ஆசைப்பட்டால் இன்றைக்கு ராத்திரியே கேட்கலாம். ஒரே வருஷம், ரெண்டு விதி. விநாயக்ராம் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அந்தக் கடத்தை நூறு தடவை கேட்டிருப்பேன். ஆனாலும் டீக்கடைப் பெரியவர் முகம் ஞாபகம் வருகிறது. எப்படி வாசித்தார் என்று கேட்டதற்கு, வலது கை விரல்களை விரித்துப் பார்த்தார். "கூடு போட்டு வாசிச்ச கை. இப்ப விரல் மடங்குதில்லை. உங்களுக்கு எப்பிடிக் காட்டுறது?" என்றார். டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மேடை, சபா, விருது எதுவும் இல்லாத ஆட்களையும் விட்டுவிடக் கூடாது. ஆடி மாசம் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு வந்தால் தெரியும். வேப்பிலைக் கூட்டத்துக்கு நடுவில் பம்பைக்காரர்கள் வாசிப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய ரெண்டு மேளம், இடுப்பிலே தொங்கும், ரெண்டு பக்கமும் குச்சி. அதில் ஒரு நடை பிடித்து, சாமி வருகிறவருக்கு ஏற்ற மாதிரி மெதுவாக வேகம் கூட்டுவார்கள். அந்தக் கட்டுப்பாடு எந்த சபாவுக்கும் குறைந்தது இல்லை என்பது என் அபிப்ராயம். சுற்றி நூறு பேர் மொபைலில் பதிவு செய்வார்கள். நானும் செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் ஒரே இரைச்சல். மொபைல் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கிச் சமப்படுத்திவிடுகிறது. மணி ஐயர் மைக்கைப் பற்றிப் பயந்த அதே சமாச்சாரம், இப்போது எல்லார் பாக்கெட்டிலும்.

போன ஆடியில் அங்கே ஒரு பம்பைக்காரரிடம் கேட்டேன், அறுபது வயசு இருக்கும். "எங்க மாமா வாசிச்சதுதான் சார்" என்றார். இதே கோயில் வாசல், ராத்திரி நேரம். மாமா பம்பையை எடுத்ததும் மற்ற செட்டுக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றி நின்றுவிட்டார்களாம்.

எந்த வருஷம் என்று கேட்டேன்.

"வருஷம் எல்லாம் தெரியாது சார். எங்க தெருவுக்கு மைக் செட் வர்றதுக்கு முன்னாடி."