புவன் ஷோம் திருந்தினாரா?

இந்தியப் புதிய அலை எங்கிருந்து தொடங்கிற்று என்று கேட்டால், திரைப்பட வரலாறுகள் பெரும்பாலும் 1969ல் வெளியான மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்தையே சுட்டுகின்றன. அந்தப் பெருமைக்கு அப்படம் உரியதுதானா என்ற ஐயம் இரண்டே ஆண்டுகளில் எழுந்துவிட்டது. எழுப்பியவர் சத்யஜித் ரே என்பதனால் அது இன்றுவரை அடங்கவுமில்லை.

சென் அதற்குமுன் வங்காளத்திலும் ஒரியாவிலும் படமெடுத்தவர். இந்தியில் இதுவே முதல் முயற்சி. 1968ல் அருண் கௌலுடன் சேர்ந்து புதிய சினிமாவுக்கான அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தார். 1960ல் மத்திய அரசு நிறுவிய திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த சொற்பக் கடனில் பனபூலின் வங்கக் கதை படமாயிற்று. நாயகி சுஹாசினி முலேவுக்கு இதுவே முதல் படம். உத்பல் தத் வங்க நாடக மேடையிலிருந்து வந்தவர். பின்னணியில் கதை சொல்லும் குரல், அப்போது யாரும் அறிந்திராத அமிதாப் பச்சனுடையது. படம் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது; இயக்குநருக்கும் உத்பல் தத்துக்கும் விருதுகள் கிடைத்தன.

கதை மிக எளியது. நேர்மையில் இறுகிப்போன ரயில்வே உயரதிகாரி ஷோம், பறவை வேட்டைக்காகச் சவுராஷ்டிரத்துக்குப் போகிறார். மாட்டு வண்டியில் குலுங்கி, எருமைக்கு அஞ்சி ஓடி, கடைசியில் கௌரி என்ற கிராமத்துப் பெண்ணிடம் வந்து சேர்கிறார். லஞ்சக் குற்றத்துக்காகத் தாம் நடவடிக்கை எடுக்கவிருக்கும் டிக்கெட் பரிசோதகன் ஜாதவ் பட்டேலுக்கு நிச்சயிக்கப்பட்டவள் அவள் என்பது அவருக்குத் தெரியவருகிறது. இவர்தான் அந்த அதிகாரி என்பது அவளுக்குத் தெரியாது. ஊர் திரும்பிய ஷோம் ஜாதவை மன்னித்துவிடுகிறார்.

1971ல் எழுதிய கட்டுரையில் ரே இப்படத்தை ஏழே ஆங்கிலச் சொற்களில் சுருக்கினார்: கெடுபிடி அதிகாரியை நாட்டுப்புற அழகி திருத்திய கதை, அவ்வளவே என்பது அதன் சாரம். கண்ணுக்கினிய நாயகி, செவி நிறைக்கும் இசை, மனத்துக்கு உகந்த எளிய கதை என வணிகப் படத்தின் சேர்மானங்களே இதற்கு வெற்றி தேடித் தந்தன என்பது அவர் வாதம். (படத்தில் வங்காளத்தின் பெருமைகளை அடுக்கும் இடத்தில் விவேகானந்தர், தாகூர் ஆகியோருடன் ரேயின் புகைப்படமும் வந்துபோகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம்.) இருவருக்கும் இது புதிய சண்டையுமல்ல. சென்னின் 'ஆகாஷ் குசும்' குறித்து 1965ல் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் வாரக்கணக்கில் கடிதப்போர் நடத்தியவர்கள்தாம்.

ரே சொன்ன சேர்மானங்கள் படத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 'திருந்தினார்' என்ற சொல்லை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. இறுதிக் காட்சியில் கௌரிக்கு ஜாதவின் கடிதம் வருகிறது. பெரிய ஜங்ஷனுக்கு மாற்றலாகிவிட்டது, அங்கே வருமானமும் கூடுதல் என்கிறான். வருமானம் என்றால் எந்த வருமானம் என்று நமக்குத் தெரியும். கறைபடாத ஓர் அதிகாரியைக் கிராமத்துப் பெண் கெடுத்துவிட்டாள் என்று சொன்னாலும் பொருந்தும். சென் பிற்காலத்தில் தந்த விளக்கமும் ஏறத்தாழ இதுவே: விறைத்துக் கிடந்த ஒழுக்கவாதியைக் கேலிசெய்து சற்றே குலைத்துப்போடத்தான் விரும்பினாராம். அலுவலக அறையில் தனியாக ஷோம் ஆடும் கூத்தை மனந்திரும்பியவரின் அமைதியாக எப்படிப் பார்ப்பது?

ரேயின் கூரிய கண்ணுக்கு இந்தக் கடிதம் தப்பியிருக்காது. அவருடைய கவலை வேறிடத்தில் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதே கழகத்தின் கடனில் மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி'யும் பாசு சாட்டர்ஜியின் 'சாரா ஆகாஷ்' படமும் எடுக்கப்பட்டன. மூன்றுக்கும் ஒளிப்பதிவாளர் கே.கே. மகாஜன். பார்வையாளரைப் பொருட்படுத்தாத சோதனைகள் கடனைத் திருப்பித் தராமல் அந்த வாசலையே அடைத்துவிடும் என்ற அச்சம் ரேக்கு இருந்தது. ஆனால் 'புவன் ஷோம்' பார்வையாளரைப் பெற்ற படம். அதையும் வணிகத்தின் கணக்கில் எழுதிவிட்டால், புதியவர்களுக்கு மிஞ்சும் வழிதான் எது? இதற்கு அக்கட்டுரையில் நிறைவான விடை இல்லை.

சென் அடுத்து 'இண்டர்வியூ', 'கல்கத்தா 71' என்று கொந்தளிக்கும் நகரத்துக்குத் திரும்பினார். உத்பல் தத்தின் சிடுசிடுப்பான பெரியவரை இந்தி வணிக சினிமா எடுத்துக்கொண்டது. 1979ன் 'கோல்மால்' நினைவுக்கு வரும். ரேயும் அவரை விடவில்லை. 1991ல் தம் கடைசிப் படமான 'ஆகந்துக்'கின் மையப் பாத்திரத்தை அவரிடமே ஒப்படைத்தார்.