1954: காமிக்ஸ் புத்தகங்கள் விசாரணைக்கு வந்த ஆண்டு



என்னிடம் படித்த ஒருவர் சென்ற வாரம் போனில் பேசினார். இப்போது அவருக்கே ஏழாம் வகுப்பில் ஒரு பையன். "எந்நேரமும் காமிக்ஸும் கையுமா இருக்கான் சார், பிடுங்கி வச்சிடட்டுமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை ஒரு பெரிய நாடே கூட்டம் போட்டு விசாரித்த ஆண்டு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்வது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

ஆண்டு 1954. இடம் அமெரிக்கா.

அப்போது அங்கே ஒரு காமிக்ஸ் புத்தகம் பத்து சென்ட். பெட்டிக்கடையிலும் மருந்துக் கடையிலும் கம்பி ஸ்டாண்டில் தொங்கும். பிள்ளைகள் தங்கள் கைக்காசைக் கொடுத்துத் தாங்களே வாங்கினார்கள். இதுதான் முக்கியம். பாடப்புத்தகத்தை அரசு தேர்ந்தெடுக்கும், நூலகப் புத்தகத்தை நூலகர் தேர்ந்தெடுப்பார். காமிக்ஸை மட்டும் நடுவில் எந்தப் பெரியவரும் இல்லாமல் குழந்தை தானே தேர்ந்தெடுத்தது. பெரியவர்களுக்குப் பயம் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

மீதிப் பாதிக்குக் காரணம் புத்தகங்களே. உலகப் போர் முடிந்த பிறகு சூப்பர்மேன் வகைக் கதைகளுக்கு மவுசு குறைந்து, கொலை, கொள்ளை, பேய், பிசாசு என்று கதைகள் வரத் தொடங்கின. சில அட்டைகள் உண்மையிலேயே குமட்டும். 1948-லேயே சில ஊர்களில் பள்ளி மாணவர்களைக் கொண்டே காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில் நடந்த எரிப்பு பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. ஹிட்லர் ஆட்சியில் புத்தகங்களை எரித்த நாட்டைப் போரில் தோற்கடித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

இந்தக் கதையில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவரை நல்லவர், இன்னொருவரைக் கெட்டவர் என்று எடுத்தவுடன் எழுதிவிட முடியாது. அதனால்தான் எனக்கு இந்த ஆண்டு பிடிக்கும்.

முதல்வர் டாக்டர் ஃபிரெட்ரிக் வெர்தம். ஜெர்மனியில் பிறந்து 1922-இல் அமெரிக்கா வந்த மனநல மருத்துவர். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், 1946-இல் லஃபார்க் மருத்துவமனை என்ற ஒன்றைத் தொடங்கினார். கட்டணம் 25 சென்ட். அதுவும் இல்லாதவர்கள் கொடுக்க வேண்டாம். அந்த மக்களுக்கு மனநல மருத்துவம் என்பது எட்டாக் கனியாக இருந்த காலம் அது. வெள்ளையருக்குத் தனிப் பள்ளி, கறுப்பருக்குத் தனிப் பள்ளி என்ற முறை குழந்தைகளின் மனதை எப்படிக் காயப்படுத்துகிறது என்று டெலவேர் மாநில நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவரும் இவரே. அந்த வழக்கு மற்ற மாநில வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு வந்த நாள் 1954 மே 17.

அதே வருடம், அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்புதான், வெர்தம் எழுதிய 'செடக்ஷன் ஆஃப் தி இன்னசன்ட்' புத்தகம் வெளிவந்தது. கள்ளமற்ற குழந்தைகளைக் கெடுப்பது என்று பொருள். காமிக்ஸ் படிப்பதால் குழந்தைகள் குற்றவாளிகள் ஆகிறார்கள் என்பது அதன் சாரம். தன்னிடம் வந்த சிறுவர் குற்றவாளிகளில் பெரும்பாலோர் காமிக்ஸ் படித்தவர்கள் என்று காட்டினார். நாடே அதிர்ந்தது.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கல்வி உளவியல் என்று ஒரு பாடம் உண்டு. சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு என்று தேர்வுக்காக உருப்போட்டோம். அது எதற்கு என்று வெர்தமைப் பற்றிப் படித்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. அந்த நாளில் அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் காமிக்ஸ் படித்தார்கள். தப்புச் செய்த பிள்ளைகளும் படித்தார்கள், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் படித்தார்கள். ஃபெயிலான பிள்ளைகளை விசாரித்தால் அத்தனை பேரும் இட்லி சாப்பிட்டிருப்பார்கள். அதற்காக இட்லியைத் தடை செய்ய முடியுமா?

இரண்டாமவர் வில்லியம் கெயின்ஸ், வயது 32. இவருடைய அப்பா மேக்ஸ் கெயின்ஸ் காமிக்ஸ் புத்தகம் என்ற வடிவத்தையே உருவாக்கியவர்களில் ஒருவர். பைபிள் கதைகளைப் படங்களாக வெளியிட்டு வந்தார். 1947-இல் படகு விபத்தில் இறந்துபோனார். மகன் அப்போது வேதியியல் ஆசிரியர் ஆவதற்காகப் படித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கம்பெனியை ஏற்றுக்கொண்டார். அது இ.சி. காமிக்ஸ். பைபிள் கதை போய்ப் பேய்க்கதை வந்தது, விற்பனை பறந்தது. நம் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவர், தப்பிப் போய்விட்டார்!

1954 ஏப்ரல் 21, 22 தேதிகளில் நியூயார்க் நகர நீதிமன்றக் கட்டடம் ஒன்றில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு கூடியது. சிறார் குற்றங்களை ஆராயும் குழு. முதல் நாள் வெர்தமும் பேசினார், கெயின்ஸும் பேசினார். கெயின்ஸை யாரும் வற்புறுத்தவில்லை, தானே முன்வந்து சாட்சி சொல்லப் போனார். எடையைக் குறைக்க அவர் மாத்திரை சாப்பிட்டு வந்ததாகவும், கேள்வி நேரத்தில் அதன் வேகம் இறங்கிச் சோர்ந்துவிட்டதாகவும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

செனட்டர் கெஃபாவர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒருவன் கையில் இரத்தம் தோய்ந்த கோடாலி, இன்னொரு கையில் ஒரு பெண்ணின் வெட்டப்பட்ட தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் புத்தக அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து இரத்தம் சொட்டுவது தெரிந்தால் அது கெட்ட ரசனை என்றார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே செய்தி வந்துவிட்டது. அத்தோடு அவர் கதை முடிந்தது என்றே சொல்லலாம். தான் நினைத்ததை நேர்மையாகத்தான் சொன்னார். ஆனால் சபை அறிந்து பேசவில்லை.

அன்று நடந்த இன்னொன்றை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கெயின்ஸ் வெளியிட்ட ஒரு கதையில் மெக்சிகோ வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் வருகிறது என்றும், இந்தப் புத்தகங்கள் குழந்தைகளுக்கு இனவெறியைக் கற்றுக்கொடுக்கின்றன என்றும் வெர்தம் குற்றம் சாட்டினார். சொல் வருவது உண்மை. ஆனால் கதை என்ன? தன் மகள் ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பையனை விரும்புவது ஒரு தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஊராரைத் தூண்டிவிட்டு, முகமூடி போட்ட கும்பலாக இருட்டில் போய், பையன் என்று நினைத்து ஓர் உருவத்தை மூட்டையாகக் கட்டி அடித்தே கொல்கிறார்கள். அவிழ்த்துப் பார்த்தால் அது அவருடைய சொந்த மகள். இது இனவெறியைக் கண்டிப்பதற்காகவே எழுதிய கதை, அந்தச் சொல் அந்தக் கொடியவனின் வாயில் வருகிறது என்று கெயின்ஸ் விளக்கினார். ஆணவக் கொலைச் செய்திகளை நாளிதழில் படிக்கும் நமக்கு இந்தக் கதை புரிவதற்கு விளக்கவுரையே தேவையில்லை.

ஹார்லெமில் 25 சென்டுக்கு வைத்தியம் பார்த்தவரும், இந்தக் கதையை வெளியிட்டவரும் எதிரெதிரே நின்றார்கள். இனவெறி விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி. கதையைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தால் வெர்தமுக்கே தெரிந்திருக்கும்.

ஜூன் 4-ஆம் தேதி குழு மீண்டும் ஒரு நாள் கூடியது. ஆனால் சட்டம் எதுவும் வரவில்லை. சட்டம் வருமோ என்ற பயமே வேலையை முடித்துவிட்டது. பதிப்பாளர்கள் தாங்களே சங்கம் வைத்து, சார்லஸ் மர்ஃபி என்ற நீதிபதியைத் தலைவராக அமர்த்தி, அக்டோபர் 26 அன்று 'காமிக்ஸ் கோட்' என்ற விதிமுறையை ஏற்றுக்கொண்டார்கள். விதிகளில் சிலவற்றைப் பாருங்கள். தலைப்பில் 'திகில்', 'பயங்கரம்' போன்ற சொற்கள் கூடாது. இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடக்கும் பிணம் கூடாது. போலீஸ்காரர், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர்மீது மரியாதை குறையும்படி வரையக் கூடாது. எப்போதும் நன்மையே வெல்ல வேண்டும். இயன்றவரை நல்ல இலக்கணத்தில் எழுத வேண்டும். கடைசி விதியைப் படித்துவிட்டு, மொழிப்பாடம் நடத்தியவன் என்ற முறையில் சிரித்துக்கொண்டேன்.

முத்திரை இல்லாத புத்தகத்தை மொத்த வியாபாரிகள் எடுக்க மாட்டார்கள். டிஸ்னி கதைகளை வெளியிட்ட டெல் நிறுவனம், எங்கள் பெயரே போதும் என்று சேர மறுத்துத் தாக்குப் பிடித்தது. மற்றவர்களில் பலர் கடையைக் கட்டினார்கள். இரண்டு வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட புத்தகங்கள் நின்றுபோயின. எத்தனையோ ஓவியர்கள் விளம்பரப் படம் வரையவும் வேறு வேலைக்கும் போய்விட்டார்கள்.

இதே 1954-இல் கடல் தாண்டி ஸ்காட்லாந்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. செப்டம்பர் மாதம் ஒரு மாலை, கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கம்பும் கத்தியுமாகப் புகுந்துவிட்டார்கள். இரும்புப் பல் கொண்ட காட்டேரி ஒன்று இரண்டு பையன்களைத் தின்றுவிட்டதாம், அதை வேட்டையாட வந்தார்களாம். அப்படி யாரும் காணாமல் போகவே இல்லை. பழி உடனே அமெரிக்கக் காமிக்ஸ்மேல் விழுந்தது. ஆனால் இரும்புப் பல் காட்டேரி வரும் காமிக்ஸ் எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. பைபிளில் தானியேல் ஆகமத்தில் இரும்புப் பற்கள் உள்ள ஒரு மிருகம் வருகிறது. அந்த ஊர்ப் பள்ளிகளில் சொல்லித்தந்த ஒரு பாட்டிலும் இரும்புப் பல் கிழவி ஒருத்தி வருகிறாள். தேடியது எங்கோ வெளியில், பேய் இருந்தது பள்ளிப் பாடத்தில்! இருந்தாலும் 1955-இல் பிரிட்டனில் திகில் காமிக்ஸைத் தடுக்கும் சட்டம் வந்தே விட்டது. நீங்கள் விழுந்து விழுந்து படித்த இரும்புக்கை மாயாவி அதே பிரிட்டனில், அந்தச் சட்டத்துக்கு ஏழு வருடம் கழித்து, 1962-இல் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவர்.

கெயின்ஸ் செப்டம்பரிலேயே திகில் புத்தகங்களை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார். பிறகு விதிமுறைக்கும் கட்டுப்பட்டுப் பார்த்தார். ஒரு தடவை பழைய கதை ஒன்றை மறுபடி வெளியிட நினைத்தார். ரோபோக்கள் வாழும் கோளுக்குப் பூமியிலிருந்து ஒருவர் ஆய்வுக்குப் போகிறார். அங்கே ஆரஞ்சு நிற ரோபோக்களுக்கு எல்லா வசதியும் உண்டு, நீல நிற ரோபோக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே இரண்டும் ஒரே எந்திரம்தான். நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். அந்த மனிதரைக் கறுப்பராகக் காட்டக் கூடாது என்றது மர்ஃபியின் அலுவலகம். எந்த இனத்தையும் இழிவுபடுத்தக் கூடாது என்று அதே கோடில் ஒரு விதி உண்டு! கெயின்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. கதையை அப்படியே அச்சிட்டார். 1956-இல் வந்த அந்த இதழோடு இ.சி.யின் காமிக்ஸ் புத்தகங்கள் முடிந்தன. மிஞ்சியது 'மேட்' என்ற நையாண்டி இதழ் ஒன்றுதான். அது அதற்கு முந்தைய வருடமே பத்திரிகை வடிவத்துக்கு மாறியிருந்தது. பத்திரிகைகளுக்கு இந்த விதிமுறை கிடையாது. அதை வைத்தே மனிதர் பெரும் பணக்காரர் ஆனார்.

வெர்தமுக்கும் இந்த முத்திரையில் திருப்தி இல்லை. அவர் கேட்டது சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம். 1981-இல் காலமானார். அவருடைய குறிப்பேடுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருந்தன, 2010-இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர் அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டு பையன்கள் சொன்னதை ஒரே பையன் சொன்னதாகச் சேர்த்திருந்தார் வெர்தம். குழந்தைகளின் வார்த்தைகளை மாற்றியிருந்தார். காமிக்ஸால் கெட்டதாகச் சொன்ன ஒரு சிறுமி, குறிப்பேட்டின்படி, ஏற்கெனவே ஒரு ரௌடிக் கும்பலில் இருந்தவள். அதைப் புத்தகத்தில் விட்டுவிட்டார். ஏழைக் குழந்தைகளுக்காக அவ்வளவு பாடுபட்டவர், அவர்கள் சொன்னதை அப்படியே எழுதவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கோடின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. கடைசியாக இருந்த இரண்டு பெரிய நிறுவனங்களும் 2011 ஜனவரியில் முத்திரையைக் கைவிட்டன. 56 வருடம் ஓடிய விஷயம்.

செனட் குழுவின் முன்னால் மருத்துவர்கள், பதிப்பாளர்கள், ஓவியர்கள், வியாபாரிகள் என்று பேசியவர்கள் அத்தனை பேரும் பெரியவர்கள். ஆனால் அந்த மாதங்களில் குழந்தைகள் அந்தக் குழுவுக்கு ஏராளமான கடிதங்கள் எழுதினார்கள். எங்கள் புத்தகங்களை எடுத்துவிடாதீர்கள், நாங்கள் கெட்டுப்போகவில்லை என்று. அவற்றையும் தேடிப் படித்தவர் அதே டில்லிதான்.

பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து நீங்கள் படித்த காமிக்ஸ் எது என்று கீழே எழுதுங்கள். இனிப் பயமில்லை.